அத்தை முகத்தில் மாமாவின் புருவம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சௌக்கியம். அங்கே நீங்கள், மகள், சம்பந்தியம்மாள் எல்லோரும் சௌக்கியம்தானே? போனில் சொன்னால் அத்தை காதில் விழுந்துவிடும், அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும். முதலில் நல்ல சேதி: நேற்றைய நேரலை அமோக வெற்றி!

உங்களுக்குத் தெரியாததல்ல, அத்தையின் ஒப்பனை வகுப்பைப் பயிற்சிக் கூடத்துத் தலைவியம்மாளே நேரலையில் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வாராவாரம் வகுப்பு அத்தைக்குத்தான். அத்தை அன்று காலையிலிருந்தே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, இதுல மட்டும் சொதப்புனீங்க, அடுத்த வாரம் கம்ப்யூட்டர் முன்னாடி அந்த நாற்காலியில பக்கத்துக் கடை போட்டோக்காரர்தான் உக்காருவார்" என்றாள். ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த ஒரே பதவி மாப்பிள்ளை அது! விடுவேனா?

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே கேமராப் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அடியில் மேசைக் கேமரா, அதில் தூரிகையும் வண்ணப் பெட்டியும். அதன்மேல் மூலையில் அத்தையின் முகக் கேமரா. பட்டியலில் மேலே இருப்பது திரையில் முன்னால் தெரியும் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவே இல்லை. இடையில் ஒன்றே ஒன்று, நான் சோதித்துப் பார்க்கப் போட்ட என் முகக் கேமரா. அதை அணைக்கக் கண் மாதிரி ஒரு பொத்தான் இருக்கிறது என்றீர்கள். எதற்கு? வேலை பார்த்த காலம் முழுவதும் முடிக்காத கோப்பின் மேல் முடித்த கோப்பை வைத்து மறைத்தவன் நான், ஒரு மேலதிகாரியும் கண்டுபிடித்ததில்லை. அத்தையின் சதுரத்தை என் சதுரத்தின்மேல் இம்மி பிசகாமல் வைத்தேன். நான் இருந்த இடமே தெரியவில்லை!

நேரலை தொடங்கி அத்தை வணக்கம் சொல்லும்போது எனக்கு ஒரு ஆசை. சதுரம் என்ன சதுரம், முகத்தை வட்டமாக வெட்டிக் காட்டினால் எவ்வளவு லட்சணமாக இருக்கும்! படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் காட்டி மீதியை மறைக்கும் என்று நீங்கள் சொன்ன மாஸ்க்கைப் போட்டேன். கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும் என்றீர்களா, இல்லை வெள்ளை மறைக்கும், கறுப்பு காட்டும் என்றீர்களா? வெள்ளைத் தாளில் கறுப்பு வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான், அத்தையின் முகம் இருந்த இடம் ஓட்டையாகி, அதற்குள்ளே நான் வேர்க்கடலை மென்றுகொண்டிருக்கிறேன்! கழுத்துக்குக் கீழே அத்தை, மேலே கொண்டை அத்தை, நடுவில் நான். அத்தை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே "இப்போ என் புருவத்தை நல்லா கவனிங்க" என்கிறாள். உலகமே என் புருவத்தைக் கவனிக்குது மாப்பிள்ளை! என் புருவம் உங்களுக்குத் தெரியுமே, சீப்பு போட்டாலும் படியாது.

பதறிப்போய் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினேன். இப்போது வட்டத்துக்குள் அத்தை சரியாக வந்துவிட்டாள், வட்டத்துக்கு வெளியே என் காது ரெண்டும் அப்படியே நிக்குது. அத்தை சிரித்தால் என் காது ஆடுகிறது. கையும் ஓடல, காலும் ஓடல. என் கேமராவைப் பட்டியலில் கீழே தள்ளப் போய் மேலே தள்ளிவிட்டேன், மூலை முழுக்க நான்தான். "கன்னம் பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு" என்று அத்தையின் குரல் வருது, நான் அழாத குறையாக வாயைப் பிளந்துக்கிட்டிருக்கேன். கடைசியில் அந்தக் கண்ணைக் கண்டுபிடித்து மூடினேன். மாயமாய் மறைந்தேன்! அதன்பிறகு வட்டத்துக்குள் அத்தை அம்சமாக இருந்தாள். எனக்கே பெருமையில் கண் கலங்கிவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அத்தைக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தவர்கள் சிரித்துச் சிரித்து எழுதியதெல்லாம் அவளுடைய நகைச்சுவைக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன். முகம் பூரித்துப்போனாள். ஆகையால் பதவி என் கையில்தான், போட்டோக்காரர் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம், மீதிக் கதை நேரில்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மகளும் நீங்களும் குறைவில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

அன்புள்ள
மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை முடித்த கையோடு தலைவியம்மாள் அத்தையைப் போனில் கூப்பிட்டு, வகுப்பு அத்தைக்கே என்று சொல்லிவிட்டு, "அந்த ஒப்பனைக்கு முந்தின முகம் அபாரம், வாராவாரம் அவரையே உக்கார வைங்க" என்றும் சொன்னார்களாம். அத்தை பதிவை ஓடவிட்டு முழுவதும் பார்த்தாள். கணினி நாற்காலிக்குப் போட்டோக்காரரை வரச் சொல்லிவிட்டு என்னை ஒப்பனை நாற்காலியில் உட்கார வைத்து, ஒத்திகை என்று இடது புருவத்தை வில்லாகச் செதுக்கிவிட்டாள். வலது புருவம் அடுத்த வாரம் நேரலையில்தானாம். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இல்லை. சம்பந்தியம்மாள் முன்னால் பாதி முகத்தை எதை வைத்து மறைப்பது? அப்படி வந்தே ஆக வேண்டும் என்றால், மறைப்பது கறுப்பா வெள்ளையா என்று இந்த முறையாவது எழுத்தில் போட்டு அனுப்பவும்.