இதுகூடத் தெரியலையா

அந்த ஆளை ஒழித்துக் கட்டுவது என்று ஒரு வியாழக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே முடிவு செய்தேன். யார் அந்த ஆள் என்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, கிழமா குமரியா, எதுவும் தெரியாது. ஒழிக்க வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு வாரப் பத்திரிகை உண்டு. அதற்கு ஒரு வெப்சைட் உண்டு. அதில் 'கணினிப் பக்கம்' எழுதுகிறவன் நான். பகலில் அரசு அலுவலகத்தில் கோப்புப் பிரிவின் மேற்பார்வையாளன். அங்கே எல்லோரும் என்னைக் 'கம்ப்யூட்டர் சார்' என்பார்கள். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை கிழியாமல் உருவி எடுத்தேன். அன்று கொடுத்த பட்டம்.

மூன்று வருஷமாக எழுதுகிறேன். 'இணைய உலாவியின் தற்காலிக நினைவகத்தைத் தூய்மை செய்தல்: ஓர் அறிமுகம்' என்ற என் கட்டுரையை நூற்றுப் பன்னிரண்டு பேர் திறந்திருக்கிறார்கள். அதில் எழுபது தடவை திறந்தது நான்தான். எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்க்கத் திறந்தேன்.

ஆறு மாதத்துக்கு முன் இன்னொரு வெப்சைட் முளைத்தது. பெயர் 'இதுகூடத் தெரியலையா'. எழுதுகிறவர் பெயர் எங்கும் இல்லை. தலைப்பைப் பார்த்ததுமே எனக்கு எரிந்தது. தெரிந்துகொள்ள வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி அவமானப்படுத்துகிற பெயர். எவனோ திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன். உள்ளே போனால் எழுத்து வேறு மாதிரி இருந்தது. 'போன்ல எழுத்து பொடிசா தெரியுதா? கண்ணாடி மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க' என்று ஆரம்பித்து, எங்கே தொட வேண்டும் என்று படத்தில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தது. கடைசியில் ஒரு வரி: 'ஒரு தடவைல வரலைன்னா வெக்கப்படாதீங்க. எனக்கு நாலு தடவை ஆச்சு.'

ஊரே அங்கே போய்க் குவிந்தது. எங்கள் வீட்டு மேல்தளத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் குடியிருக்கிறார். மேல்தளத்தில் அவராவது இருந்தார். என் இணையத் தளத்தில் ஈ எறும்பு இல்லை.

"சார், வெளியூர்ல இருக்கிற என் பொண்ணுகிட்ட வீடியோவுல பேசிட்டேன்" என்றார் அவர், படிக்கட்டில் என்னை நிறுத்தி. "அந்த 'தெரியலையா'வைப் பார்த்துத்தான்."

"நானும் எழுதியிருந்தேனே. 'காணொலி உரையாடல் செயலிகளின் அமைவுமுறை'."

"படிச்சேன் சார். படிச்சிட்டு போனை எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். பயமா இருந்தது."

இதைக்கூட விழுங்கியிருப்பேன். விழுங்க முடியாதது வேறு. நான் புதன்கிழமை ஒரு கட்டுரை எழுதி, இன்னும் மெருகேற்றலாம் என்று வரைவில் போட்டு வைப்பேன். வியாழக்கிழமை அதே விஷயம் 'தெரியலையா'வில் வந்துவிடும். போலி வங்கிச் செய்திகளைக் கண்டுபிடிப்பது, தெரியாத இணைப்பைத் தொடாமல் இருப்பது, படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைப்பது எல்லாமே போயிற்று. நான் எட்டுப் பக்கத்தில் சொன்னது அங்கே எட்டு வரியில் இருக்கும். யாரோ என் கணினிக்குள் புகுந்து திருடுகிறான்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். சண்டையே கிடையாது. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும்.

"என் கம்ப்யூட்டருக்குள்ள யாரோ புகுந்துட்டான்."

"எலியா?" துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"எலி இல்ல. ஹேக்கர்."

"எதை எடுத்துட்டுப் போனான்?"

"என் சிந்தனையை."

"அப்ப ஒண்ணும் தொலையலை" என்று அடுத்த சட்டையை எடுத்தாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"ஆமா" என்றாள். இந்த 'ஆமா'வை அவள் சொல்லும் விதம் ஒன்று உண்டு. கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணாமல் கையில் வைப்பது மாதிரி வைப்பாள்.

நான் பாஸ்வேர்டை மாற்றினேன். மறுவாரமும் திருட்டு நடந்தது. மறுபடி மாற்றினேன். ஒரு மாதத்தில் ஐந்து பாஸ்வேர்டு. எனக்கே நினைவில் நிற்கவில்லை. ஐந்தையும் வரிசையாக ஒரு காகிதத்தில் எழுதி, பழையதை அடித்து, கீபோர்டுக்கு அடியில் வைத்தேன். 'பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வைக்காதீர்' என்பது நான் எழுதிய முதல் கட்டுரை. எழுதியவனே அதைப் படிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

பல் துலக்கும்போது யோசனை வந்தது என்றேனே, அது பொறி. அலுவலகத்தில் ஒருமுறை தட்டச்சுப் பெண் ஏதோ மூன்று விசையைச் சேர்த்து அழுத்திவிட்டாள். திரையில் இருந்ததெல்லாம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. சில பழைய கணினிகளில் அப்படி ஆகும். இரண்டு நாள் மானிட்டரையே கவிழ்த்து வைத்து வேலை பார்த்தோம். மூன்றாம் நாள் புதுக் கணினி வந்துவிட்டது. அந்த மூன்று விசை மட்டும் எனக்கு மறக்கவில்லை.

உட்கார்ந்து எழுதினேன். 'கண் களைப்பு நீங்க மூன்று விசை முறை.' கன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்புக்குறி மூன்றையும் ஒருசேர அழுத்தினால் திரையின் ஒளி மென்மையாகும், கண்ணுக்குக் குளிர்ச்சி. திருடன் இதைத் திருடுவான். எழுதுவான். ஊர் அவனைக் காறித் துப்பும். எப்படி இருக்கிறது?

வரைவில் போட்டு வைத்தேன். பழைய தமிழில் வரைவு என்றால் கல்யாணம் என்று எப்போதோ படித்திருக்கிறேன். இரண்டிலும் நான் முடிக்காமல் போட்டு வைத்தவை நிறைய.

வெள்ளிக்கிழமை முழுக்க அலுவலகத்தில் சிரித்த முகமாக இருந்தேன். தட்டச்சுப் பெண் உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தபால்காரர் நின்றார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"சார், ஒரு சந்தேகம். கட்டில்ல மல்லாந்து படுத்து, தலையை வெளியே தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் எங்க வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைப் படிக்க வேண்டியிருக்கு. இதுதான் அந்தக் கண் பயிற்சியா?"

"எந்தப் பயிற்சி?"

"உங்க மூணு விசை முறை. ரொம்ப நேரம் முடியல சார். கழுத்து பிடிச்சுக்குது."

"அதை எங்கே பார்த்தீங்க? 'தெரியலையா'லதானே?"

"இல்ல சார். உங்க பக்கத்துல. இன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு வந்திருக்கே."

ஓடிப் போய்த் திறந்தேன். வந்திருந்தது. என் பெயரோடு, என் புகைப்படத்தோடு. படித்தவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். மூன்று வருஷத்தில் நான் காணாத கூட்டம். என்ன ஆகிறது பார்ப்போம் என்று நானும் மூன்று விசையை அழுத்தினேன். என் புகைப்படம் தலைகீழாகத் தொங்கியது. என்னென்னவோ அழுத்திப் பார்த்தேன். நிமிரவில்லை.

போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, ஒரு மருந்துக்கடைக்காரர், எங்கள் அலுவலகத்து அதிகாரி. ஒருவர் மானிட்டரைத் தலைகீழாக நிறுத்தப் போய் அது விழுந்து உடைந்ததாம். பேர் கேட்டேன். கேட்காத வார்த்தைகளாக நாலு சொன்னார்.

வேறு வழியில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு 'இதுகூடத் தெரியலையா'வைத் திறந்தேன். ஆறு மணி பத்து நிமிஷத்துக்கே போட்டிருந்தது. 'திரை தலைகீழா ஆயிடுச்சா? பயப்படாதீங்க, எதுவும் கெட்டுப் போகலை. அதே ரெண்டு விசையோட மேல் அம்புக்குறியை அழுத்துங்க.' அழுத்தினேன். உலகம் நிமிர்ந்தது. எனக்குத்தான் நிமிர முடியவில்லை.

பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் போன் அடித்தது. காலையிலிருந்து எடுத்து எடுத்துப் பழகிய கை, எடுத்தது.

"கணினிப் பக்கம்."

"சார், நீங்களா?" பத்திரிகை ஆசிரியர்.

"ஐயா, ஒரு தவறு நடந்துடுச்சு. அது வெளியிடறதுக்காக எழுதினதே இல்ல. வரைவுலதான் வெச்சிருந்தேன். யாரோ..."

"பரவாயில்ல சார். நூத்தி நாப்பது புகார் வந்திருக்கு. நீங்களும் மூணு வருஷமா எழுதிக் களைச்சிருப்பீங்க. அடுத்த வாரத்துலேர்ந்து 'தெரியலையா' எழுதுறவங்களே நம்ம பக்கத்தையும் பார்த்துக்கட்டும்னு கேட்டிருந்தோம்."

"அவன் யாருன்னே தெரியாதே ஐயா."



"சார், நான் அவங்களுக்குத்தான் போன் பண்ணேன். எடுத்தது நீங்க."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பச்சை உறை. என் போனுக்கு உறை கிடையாது.

மனைவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள். "சொல்லுங்க சார். வர்ற வாரமே ஆரம்பிச்சுடலாம். எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசா வரணும். எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க படிக்கணும் பாருங்க" என்று பேசிவிட்டு வைத்தாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீயா?"

"நான்தான்."

"என் கட்டுரையைத் திருடினே."

"திருடலை. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க தினம் கேக்கறதைத்தான் எழுதினேன். கண்ணு தெரியாம வந்து நின்னு, வெப்சைட்ல நேரம் பதிவு பண்ணத் தெரியலேம்மான்னு அழறாங்க. நீங்க எதை எழுதறீங்கன்னு பார்ப்பேன். அது அவங்களுக்குப் புரியாதேன்னு நான் எழுதுவேன்."

"அஞ்சு பாஸ்வேர்டு மாத்தினேன்."

"கீபோர்டைத் துடைக்கறது நான்."

"இன்னிக்கு அதை வெளியிட்டது?"

"நான்தான். அது எனக்கு வெச்ச பொறின்னு படிச்சதுமே தெரிஞ்சுது. யாருக்காக எழுதினீங்களோ, அவங்க கையாலயே போகட்டும்னு போட்டேன்."

"ஊரையே தலைகீழாக்கிட்டியே."

"பத்து நிமிஷம்தான். மேல் அம்புக்குறியை அழுத்தினா சரியாகும்னு உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன். தெரியாதுன்னு எனக்குத் தெரியாது." மேசையைத் துடைத்தாள். "அந்த மானிட்டர் உடைஞ்சது மட்டும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. வாங்கிக் கொடுத்துடறேன்."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் சொல்லிக் கொடுத்திருப்பேனே."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் என் எதிரே உட்கார மாட்டாள்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டேன். ஆஸ்பத்திரில நிர்வாகப் பிரிவுக்கு ஆள் எடுத்தாங்க. விண்ணப்பத்தை மெயில்ல அனுப்பணும். கடைசி நாள். சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருந்துது. ஃபைலை எப்படிச் சேர்க்கறதுன்னு கேட்டேன். என் கையிலேர்ந்து மவுஸைப் பிடுங்கிக்கிட்டு ஒண்ணு சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"என் வெப்சைட் பேரைப் பாருங்க."

பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"சொல்லிட்டு, அப்புறம் பண்ணித் தரேன்னு படுத்துத் தூங்கிட்டீங்க. எழுந்தப்ப ஆறு மணி. அந்த வேலைக்கு வேற ஒருத்தி வந்தா. அவ எழுதற குறிப்பைத்தான் எட்டு வருஷமா நான் வரவேற்புல ஒட்டறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. எட்டு வருஷத்தில் அழுகையெல்லாம் ஆறி, வெறும் தகவலாக ஆகிவிட்டிருந்தது. எனக்கோ அந்த மத்தியானம் நினைவிலேயே இல்லை. மவுஸ் நினைவிருக்கிறது. அதற்குச் சிவப்பு விளக்கு எரியும். அவள் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதுதான் அந்த நேரத்துக்கு உரிய வார்த்தை என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் இருபத்து மூன்று வருஷமாக நான் அதை வரைவாகக்கூட எழுதிப் பார்த்ததில்லை. "சரி, கம்ப்யூட்டர் என்னோடது" என்று வாயில் வந்தது.

"ஆமா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஆறாவது பாஸ்வேர்டு ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அதைக் காகிதத்தில் எழுதப் போவதில்லை. திரை ஒளிர்ந்தது. வழக்கமாக என் பெயர் ஒன்றுதான் இருக்கும். இன்று இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் அவள் பெயர், கீழே 'நிர்வாகி'. இன்னொன்றில் 'விருந்தாளி'. என் பெயரைக் காணோம்.

விருந்தாளியைத் தொட்டேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை. 'நல்வரவு' என்றது. உள்ளே என் கட்டுரைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. படிக்கலாம். திருத்த முடியாது, அழிக்க முடியாது. எதைத் தொட்டாலும் ஒரே செய்தி வந்தது: 'இதை மாற்ற நிர்வாகியின் அனுமதி தேவை.'

குளியலறைக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். தொண்டையைச் செருமினேன். என் கட்டுரைகளைத் திருத்த அனுமதி வேண்டும் என்று சொன்னேன்.

தண்ணீர் நின்றது.

"எழுத்து மூலமா கொடுங்க, பரிசீலிக்கலாம்" என்றாள்.