பழமை ஏற்றும் கலை

நெருப்பில் தொடங்கிச் சக்கரத்தில் வளர்ந்த மனித நாகரிகம், அல்மாத்தி நகரில் ஒராஸ்பெக்கின் சமையலறை மேசையில் முழுமை பெற்றது. அந்த மேசையில் யாரும் சாப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. வோல்கா, மாஸ்க்விச் என்று உள்ளங்கை அளவுப் பழைய சோவியத் கார்கள் அதன்மேல் அணிவகுத்து நின்றன. கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், சாம்பல் கிண்ணத்துக்குக்கூட மூடி உண்டு.

பளபளக்கும் பொம்மைக் கார் குழந்தைகளுக்கானது என்பது எங்கள் குறுங்கார் கழகத்தின் கொள்கை. மேதைகள் அதற்குப் ‘பழமை ஏற்றுவார்கள்’. மட்கார்டில் துளித் துரு, கண்ணாடியில் கொஞ்சம் தூசி. பிறகு குப்புறப் படுத்து, நிஜக் கார் என்று உலகம் ஏமாறும்படி படம் எடுப்பார்கள். ஒராஸ்பெக் இதற்காகத் தெருப் புழுதியை மனைவியின் மாவுச் சல்லடையில் சலித்தார். கலைக்காக ஒரு குடும்பம் இதைவிட என்னதான் செய்ய முடியும்?

வாசலில் ஒரு நிஜ வோல்காவும் நின்றது. அதற்குப் பழமை தானாகவே ஏறிக்கொண்டிருந்தது.

கழகத்தின் ஆண்டுப் போட்டிக்குப் படம் அனுப்பக் கடைசி நாள். அன்றுதான் பக்கத்து ஊரான கஸ்கெலெங்கில், மனைவி ரௌஷானின் தங்கை மகளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் விருந்து. சீர் மெத்தைகளோடு கிளம்பிய நிஜ வோல்கா பாதி வழியில் பனிச்சேற்றில் நின்றுவிட்டது.

“பேட்டரிய மாத்துங்கன்னு போன குளிர்லயே சொன்னேன்,” என்றாள் ரௌஷான்.

“மாத்தினேனே.”

“மேசை மேல நிக்கிறதுக்கு மாத்தினீங்க.”

விருந்துக்கென்று வாங்கிய புதுக் கோட்டோடு அவள் இறங்கித் தள்ளினாள். ஒராஸ்பெக்கும் உடனே இறங்கினார். சேற்றில் குப்புறப் படுத்து, கைபேசியை நீட்டினார். முதல் பரிசு வருடா வருடம் கைநழுவிப் போன மனிதர் அவர். நிஜக் காரைப் பொம்மை என்று அனுப்புவது மோசடி அல்லவா என்று மனச்சாட்சி முணுமுணுத்தது. அதை அவர் பேசிச் சமாதானப்படுத்திவிட்டார்.

“அங்க பொண்ணு கெளம்பிடுவா. நீங்க கீழ படுத்துக்கிட்டு என்ன பண்றீங்க?”

“அப்படியே இரு. மூஞ்சிய மட்டும் மாத்திடாத.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெண் போயிருந்தாள். கறி ஆறியிருந்தது. ரௌஷான் காலிக் கூடத்தில் மெத்தைகளை இறக்கி வைத்துவிட்டு அவற்றின்மேல் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த ஞாயிறு நடுவர் குழுவினர் நாங்கள் பரிசோடு அவர் வீட்டுக்கே போனோம். தேநீர் ஊற்றியவளை நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைவர் மென்திபாய் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“காரு தேறல, ஒராஸ்பெக். துருவ அள்ளி அப்பி வச்சிருக்கீங்க. நெசத்துல எந்த மனுஷன் காரை இவ்வளவு கேவலமா வச்சிருப்பான்?”

ஒராஸ்பெக் தலைகுனிந்தார்.

“ஆனா பின்னால தள்ளுற அந்தப் பொம்பள பொம்மை இருக்கே, அதுக்குத்தான் முதல் பரிசு. கண்ணுக்குக் கீழ கருப்பு, ஒதட்டோரம் சலிப்பு. இப்படிப் பழமை ஏத்தி நான் பார்த்ததே இல்ல. யாரு கைவேலை?”

ரௌஷான் தலைவரின் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். விருந்தாளி கிளம்பலாம் என்று எங்கள் ஊரில் அதற்குப் பொருள்.

“எல்லாம் இவரு கைவேலதான்,” என்றாள். “கல்யாணமான நாள்லேருந்து பொறுமையா பண்ணிக்கிட்டு வர்றாரு.”