மஞ்சள் தட்டு, கரித் தட்டு

திருவண்ணாமலை வட்டாரத்தில் கடந்த சில வருடங்களில் தாலி கட்டிக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு ஸ்பெயின் நாட்டுச் சங்கீதத்தோடுதான் கல்யாணம் ஆனது. செத்துப்போனவர்களிலும் பாதிப் பேர் அதே நாட்டுச் சங்கீதத்தோடுதான் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு தரப்புக்கும் விஷயம் தெரியாது. எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் தெரு மைக்செட்காரர். ஊர் அவரை 'ஸ்பெயின்' என்றுதான் கூப்பிடும். அவர் வேலூரைத் தாண்டிப் போனதில்லை.

அவருடைய சொந்தப் பேர் என்ன என்று அவர் மனைவி வள்ளி அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். "இரும்மா, யோசிச்சு சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.

ஸ்பெயினுக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. டீயை ஒரு கடையில் வாங்கி, அடுத்த கடை வாசலில் குடித்து, மூன்றாவது கடையில் கிளாஸை வைத்துவிட்டுப் போவார். செங்கம் ரோடு டீக்கடைக்காரர்கள் அவ்வப்போது கூடி அவரவர் கிளாஸைப் பிரித்துக்கொள்வார்கள். ஊரே கிரிவலத்தில் மலையை ஒரு சுற்று சுற்றும். இவர் முன்னால் போய்விட்டு, பின்னால் வருகிறவர்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்கத் திரும்பி வந்து, மறுபடியும் முன்னால் ஓடி, ஒரு பௌர்ணமிக்கு ஒன்றரைச் சுற்று போட்டுவிடுவார். ஒருமுறை முடிவெட்டும் கடையில் மீசையின் ஒரு பக்கத்தைத் திருத்தியதும், ஒயர் ஞாபகம் வந்து எழுந்து போனார். மறு பக்கம் திருத்தப்பட்டது அடுத்த வெள்ளிக்கிழமை. நடுவில் அவர் செட் போட்ட இரண்டு காதுகுத்தின் போட்டோக்களிலும் அந்த மீசை இருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதரும் ஒரு தடவை அசையாமல் நின்றார். எதிர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக்கார இசபெல் அம்மாவின் ரெக்கார்டு பிளேயர் ஒயர் கருகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ச் சரி செய்தார். அந்த அம்மா சோதித்துப் பார்க்க ஒரு தட்டை வைத்தார். கிட்டார். பாட்டு இல்லை, வேறு வாத்தியம் இல்லை. ஒரே ஒரு ஆள் ஆறு கம்பியை வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே செய்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தான். அது ஃபிளமெங்கோ என்றும், ஸ்பெயினின் தெற்குப் பக்கத்து இசை என்றும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மைக்செட்காரர் மாடிப்படியில் கையில் ஸ்குரூடிரைவரோடு அப்படியே நின்றார். எங்கள் தெரு அன்றைக்குத்தான் அவர் எவ்வளவு உயரம் என்று பார்த்தது.

கொஞ்ச நாளில் இசபெல் அம்மாவின் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்து, அவர் அவசரமாக ஊருக்குக் கிளம்பினார். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் பிளேயரையும் ஸ்பெயினிடம் ஒப்படைத்தார். நான் அப்போது கல்லூரி முதல் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதனால் தெருவின் இங்கிலீஷ் மொத்தமும் என் பொறுப்பில் இருந்தது. அந்த அம்மா சொன்னதை நான் சுத்தமாக மொழிபெயர்த்தேன்: "மழைக்காலத்துல சும்மா வச்சா பூஞ்சை பிடிச்சிடுமாம். அப்பப்ப எடுத்து ஓட விடணுமாம், மாமா."

"எங்க ஓட விடறது?"

"எங்கயாவது ஓட விடுங்க."

அந்த 'எங்கயாவது'க்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் எல்லாத் தட்டையும் போட்டுக் கேட்டுத் தரம் பிரித்தார். நடந்துகொண்டே கேட்டார். அட்டையில் இருந்த எழுத்து எனக்கே புரியாது, அவருக்கு எங்கே புரியும்?

"பாப்பா, இதக் கேளு. மெதுவா, பெரிய மனுஷன் படி ஏறி வர்ற மாதிரி வருதா? இது முகூர்த்தத்துக்கு."

"இது?" என்றேன். அடுத்த தட்டில் நாலைந்து பேர் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். யாரோ தரையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்.

"இது சாவுக்கு. கேட்டா தெரியல? இன்னா அடி அடிக்கிறான் பாரு!"

எங்கள் பக்கத்தில் இதில் குழப்பமே கிடையாது. கல்யாணத்தில் அடக்கமாக நிற்பார்கள். சாவில் மேளம், விசில், வெடி, ஆட்டம். சாவு வீட்டில் ஆடாதவன் செத்தவருக்கு வேண்டாதவன். ஆகவே கல்யாணத் தட்டுகளின் அட்டையில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தார். சாவுத் தட்டுகளுக்கு அடுப்புக்கரியில் ஒரு கோடு. தொழில் தொடங்கியது.

என் அக்கா கல்யாணத்துக்கு அவர்தான் செட். தாலி ஏறி, கெட்டிமேளம் ஓய்ந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுகிற நேரத்தில் மஞ்சள் தட்டை வைத்தார். அதுவரை சாம்பாரில் உப்பு கம்மி என்று சமையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த என் அம்மா, கரண்டியோடு அழத் தொடங்கினார். சமையல்காரரும் அழுதார். உப்புப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா பயந்துபோய், "இவ்ளோ அழுவுறீங்களே சம்பந்தி, வேணும்னா பொண்ண ஒரு வாரம் இங்கயே வச்சிக்கினு அனுப்புங்க" என்றார். "ஸ்பெயின் செட் வச்சா பொண்ணோட அம்மா நல்லா அழுவாங்க" என்று பேர் பரவியது. பெண்ணின் அம்மா அழாத கல்யாணத்தை எங்கள் பக்கத்தில் யார் மதிப்பார்கள்? முகூர்த்த நாளில் அவருக்கு மூச்சு விட நேரமில்லை.

பெரியப்பா இறந்தபோது கரித் தட்டு. பெரியப்பா ஊரில் பாதிப் பேரோடு வரப்புச் சண்டை போட்டவர். உயிரோடு இருந்தபோது அவருக்கு வணக்கம்கூடச் சொல்லாதவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினார்கள். தரை அதிர்ந்தது. ஊசி குதிக்கவில்லை. பிளேயரைக் காற்றடித்த லாரி டியூப் மேல் உட்கார வைத்திருந்தார் ஸ்பெயின். "பொணத்தத் தவிர எல்லாரும் ஆடணும். அதான் நம்ம கேரண்டி" என்பார்.

இப்படி வருடங்கள் போயின. நான் படித்து முடித்து, வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் ஆனேன். போன கார்த்திகைக்கு முன்னால் என் போனுக்கு இசபெல் அம்மாவின் செய்தி வந்தது. தீபத்துக்கு வருகிறார். தட்டுகளைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும்.

ஸ்பெயினிடம் சொன்னேன். "வரட்டுமே, அவங்க பொருள்தானே" என்றவர், மறுநாளிலிருந்து என் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார். உள்ளே வரமாட்டார். வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். வாட்ச்மேன் என்னிடம் வந்தார்.

"மேடம், அவரு மனு குடுக்க வந்தவரா? காலையில இருந்து மனுவே இல்லாம சுத்துறாரு. அவரப் பார்த்து வரிசையில நிக்கிறவங்களும் நடக்க ஆரம்பிச்சிட்டாங்க."

வெளியே போய்க் கூப்பிட்டேன். கூடவே நடந்தால்தான் பேச முடியும் என்பதால் நானும் நடந்தேன்.

"இன்னா மாமா?"

"தை மாசம் பூரா கல்யாணம் ஒத்துக்கினேன் பாப்பா. எல்லாரும் அந்த மஞ்சத் தட்டத்தான் கேக்கறாங்க. அத எடுத்துக்கினு போயிட்டா நான் யாரு? வெறும் மைக்செட்டு. தெருவுக்கு நாலு பேர் கீறாங்க."

"கேட்டுப் பாக்கலாமே."

"கேக்கக் கூடாது. நம்பி வச்சிட்டுப் போனாங்க." அதற்குள் பத்தடி முன்னால் போய்விட்டார். திரும்பி வந்து, "ஆனா நீ கேட்டா நான் கோச்சுக்க மாட்டேன்" என்றார்.

வீட்டில் இன்னொரு கலவரம். அட்டைகளில் இருந்த மஞ்சள் பொட்டை ஈரத்துணியால் துடைக்கப் போய், பொட்டு பரவி அட்டை முழுக்க மஞ்சளாகிவிட்டது. வள்ளி அத்தை எட்டிப் பார்த்தார். "ஏங்க, இது அட்டையா, நலங்கு வச்ச பொண்ணா?"

இசபெல் அம்மா வந்து, அதே எதிர் வீட்டு மாடியில் தங்கினார். முடி வெளுத்திருந்தது. நானும் அத்தையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். ஸ்பெயின் மூன்று தடவை ஏறி, மூன்று தடவை இறங்கி, கடைசியில் வாசற்படியில் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு நின்றார்.

மஞ்சள் பூத்த அட்டையை அந்த அம்மா கையில் எடுத்து என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன். மஞ்சள் கல்யாணத்துக்கு, கரி சாவுக்கு. என் அக்காவிலிருந்து பெரியப்பா வரை எல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

எல்லாக் கல்யாணத்திலும் ஓடிய அந்த மஞ்சள் தட்டில் கிட்டார் வாசித்தது அவருடைய அப்பா. தன் அண்ணன் செத்த வருடம் வாசித்தது. அவர்கள் ஊரில் அது ஒப்பாரி. கரி போட்ட தட்டு கல்யாணக் கொண்டாட்டம். இவருடைய கல்யாணத்திலேயே அதற்குத்தான் ஆடினார்களாம்.

மாவட்டத்துப் பெண்களை எல்லாம் ஒப்பாரியில் அனுப்பிவைத்து, எங்கள் பெரியப்பாவைக் கல்யாணப் பாட்டில் சுடுகாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்! இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மங்களகரமான கை என்று அவரைத் தேடி வருகிறது ஊர்.

"இன்னா சொல்றாங்க? ஏன் முழிக்கிற?" என்றார் ஸ்பெயின்.

என்னை இத்தனை தூரம் படிக்க வைத்தது பாதியை விழுங்குவதற்கு இல்லை. முழுவதும் சொன்னேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்பெயினின் விரல்கள் கதவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவை நின்றன. இரண்டாவது முறையாக அவர் உயரம் தெரிந்தது.

யோசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப அவங்க ஊர்லதான் மாத்தி வச்சிருக்காங்க. சொல்லு பாப்பா அவங்ககிட்ட. பொண்ணு வூட்ட வுட்டுப் போவும்போது அழுவாம வேற எப்ப அழுவுறது? செத்தவன ஆடி அனுப்பாம மூஞ்சத் தூக்கி வச்சிக்கினா அவன் எப்படி நிம்மதியாப் போவான்? நான் சரியாத்தான் பிரிச்சிருக்கேன்."

சொன்னேன். இசபெல் அம்மா சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எந்த இடத்தில் அது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இதைக் கேட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள்?"

"எங்க அக்காவுக்கு ரெண்டு பிள்ளை. மூணாவது வேண்டாம்னு அக்கா வீட்டுக்காரர் கெஞ்சிட்டிருக்கார்" என்றேன்.

அவர் பெட்டியில் இருந்த மற்றத் தட்டுகளை எல்லாம் எடுத்துத் தன் பக்கம் வைத்தார். மஞ்சள் அட்டையை மட்டும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். "எங்கள் வீட்டில் இதைப் போட்டால் அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதனால்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன். இனி இது இங்கேயே இருக்கட்டும். பிளேயரும்" என்று சொல்லி, வாசற்படியில் நின்ற அந்த ஒற்றைக் காலை நோக்கி நீட்டினார்.

ஸ்பெயின் தட்டை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்ல அவருக்கு வராது. "ஊசி தேஞ்சிடுச்சு, அடுத்த தபா வரும்போது ஒண்ணு வாங்கியாரச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியில் இறங்கி ஓடிவிட்டார். கீழே போனவர் மறுபடி மேலே வந்தார். "மெதுவா வந்தாலும் பரவால்லன்னு சொல்லு" என்றார்.

கரித் தட்டு போனதில் சாவு வீடுகளுக்குத்தான் நஷ்டம். அங்கே இப்போது போனில் இருந்து சினிமாப் பாட்டு போடுகிறார். ஆட்டம் ஜாஸ்தி இல்லை என்று செத்தவர்களின் உறவினர்கள் குறைப்படுகிறார்கள்.

எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். வேலைக்கு விடுவாரா, மேலே படிக்க விடுவாரா என்று நான் கேட்கிற கேள்விகளில் இதுவரை வந்தவர்கள் டீயை முடிக்காமலே எழுந்து போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை யார் என்று இன்னும் முடிவாகவில்லை. மைக்செட் யார் என்று முடிவாகிவிட்டது.