பாட்டுக்குக் காத்திருந்த பேச்சு

எருவேரா மூன்றாவது முறையாகப் பேச்சை முடித்தார். பாட்டு வரவில்லை.

முறைப்படிதான் முடித்தார். கைத்தடியைப் புல்லில் ஊன்றி, விருந்தாளிகளைப் பார்த்து, "வாங்க, வாங்க, வாங்க" என்று சொல்லியாகிவிட்டது. இனிப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்து பாட வேண்டும். பாடினால்தான் அவர் உட்காரலாம். பேசியவர் பாட்டில்லாமல் உட்கார்ந்தால், இவர் பேச்சுக்கு வீட்டார்கூடத் துணையில்லை என்று அர்த்தம். வாங்கானுயி ஆற்றங்கரையில் அப்படி உட்கார்ந்தவர் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் வெட்கப்பட்டு வேறு ஊருக்குப் போயிருப்பார்.

எதிரே, வடக்கே ஹோக்கியாங்காவிலிருந்து வந்த மரச்சிற்பிகள் நாற்காலிகளில் வரிசையாக இருந்தார்கள். சிற்பங்களின் மேல் துணி போர்த்தியிருந்தது. வரவேற்பு முடியாமல் துணியை எடுக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் சனிக்கிழமைச் சந்தை மொத்தமும் வியாபாரத்தை நிறுத்திவிட்டு நின்றது. புகைபோட்ட விலாங்கு மீன்காரர், ப்ளம் ஜாம்காரி, காபி வண்டிக்காரர், எல்லோர் மண்டையிலும் தென்கோளத்துக் கோடையின் ஜனவரி வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எருவேராவுக்குப் பாட்டுக்காகக் காத்திருந்து பழக்கமே இல்லை. அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். கேட்பவர்கள் இறங்கி ஓட முடியாத இடத்தில் பேசிப் பேசி வளர்ந்த நாக்கு. எந்தக் கூட்டத்திலும் அவர் சூடு பிடிக்கிற நேரத்தில், பின்னால் அவர் மனைவி மெரெயானா பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்து பாட்டை எடுத்துவிடுவாள். மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். அவர் பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டு உட்கார வேண்டியதுதான். அது பெண்களின் உரிமை, அதை எந்த ஆம்பிளையும் மீற முடியாது. ஆக, கல்யாணமான நாளிலிருந்து ஒரு பேச்சைத் தானாக நிறுத்துவது எப்படி என்று அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

அந்த மெரெயானாதான் இன்று எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். ஏன் என்று அவருக்குத் தெரியும். படகு விஷயம் வெளியே வந்துவிட்டது.

காலையிலேயே தெரிந்துபோயிற்று. "என் நீலச் சட்டை எங்கே?" என்று கேட்டதற்குக் கையை மட்டும் காட்டினாள். அவர் போட்டுக் கொடுத்த தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, எலுமிச்சை பிழிந்து தேன் கலந்த வெந்நீரைத் தானே போட்டுக் குடித்தாள். அவள் பின்னிய ஹரகேகே இலைக் கூடைகளையெல்லாம் இவர் வண்டியில் ஏற்றினார், ஒரு வார்த்தை வரவில்லை. வழி நெடுகிலும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முந்தின சாயங்காலம் அக்கா மகளின் துடுப்புப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தாள். அவள் திரும்பியபோது இவர் தூங்கிவிட்டார். அந்தப் போட்டிக்கு ரெவியும் போயிருந்தான்.

ரெவி இவருடைய சித்தப்பா மகன். சந்தையில் கிட்டார் வாசிப்பவன். ஊரறிய, மெரெயானாவின் அப்பா கையால் செய்த சின்னப் படகு ரெவியின் கொட்டகையில் சாயம் பூசக் காத்திருக்கிறது. ரெவியும் எருவேராவும் அறிய, அங்கே இல்லை. ரெவிக்கு இரண்டு பீர் உள்ளே போனால் நெஞ்சில் எதுவும் தங்காது.

"சத்தியமா நான் வாயத் தொறக்கலடா" என்று ரெவி சந்தைக்குள் நுழைந்ததுமே கையடித்துச் சொன்னான். அவனை எருவேரா நம்பவில்லை.

வழக்கமாகப் பேசும் பெரியப்பா முழங்கால் வலி என்று படுத்துவிட்டதால் இந்த வரவேற்பு இவர் தலையில் விழுந்தது. முதல் தடவை முடித்துப் பாட்டு வராதபோது, சரி, மனைவியைக் கொஞ்சம் குளிர்விப்போம் என்று நினைத்தார். மறுபடி ஆரம்பித்து, இந்தக் கரையில் கூடை பின்னுகிறவர்களின் விரல்களைப் புகழ்ந்தார். அதிலும் ஒருத்தியின் விரல்கள் இருக்கின்றனவே என்று தொடங்கி, அந்த ஒருத்தி யார் என்று எல்லோருக்கும் விளங்கும்படி நீட்டினார். மெல்லத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒருத்தி தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

இரண்டாவது தடவையும் பாட்டு வராமல் போகவே, ரெவியைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். எதையாவது சொல்லி அவளை எழுப்பேண்டா என்பது அந்தப் பார்வைக்குப் பொருள். ரெவி அதைப் பின்னணி இசை கேட்கிறார் என்று புரிந்துகொண்டான். சனிக்கிழமைதோறும் வாசிக்கும் காதல் பாட்டு ஒன்றைக் கிட்டாரில் தட்ட ஆரம்பித்தான். விருந்தாளிகளின் முதல் வரிசையில், முகவாயில் பச்சை குத்திய சிற்பக்காரி ஒருத்தி புருவத்தை உயர்த்தினாள். எருவேரா கைத்தடியை ஓங்கினார். கிட்டார் நின்றது.

விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்டால் மறுபடி ஆதியிலிருந்து வர வேண்டும். மலையைச் சொன்னார், மலையிலிருந்து இறங்கும் ஆற்றைச் சொன்னார், கடல் தாண்டி முன்னோர்கள் வந்த படகைச் சொன்னார். படகு என்ற சொல் வந்ததும் நாக்கு தடுக்கியது. எப்படியோ மூன்றாவது முறையாகப் பேச்சை முடித்தார்.

அதுதான் நான் முதலில் சொன்ன இடம்.

திரும்பிப் பார்த்தார். மெரெயானா தன் தொண்டையைக் காட்டி, விரலைக் குறுக்கே இழுத்தாள். கழுத்தை அறுத்துவிடுவேன் என்கிறாள். பின்னிருக்கைப் பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் முதல் குரல் எடுக்காமல் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். தவிர, எருவேரா தவிப்பதைப் பார்ப்பது அவர்களுக்குப் பாட்டைவிடச் சுகமாக இருந்தது. மெரெயானா கையைச் சுழற்றிக் காட்டினாள். பேசு, பேசு. இன்னும் பேசு.

எல்லாவற்றையும் இங்கேயே கக்கு என்கிறாள் என்று எருவேரா புரிந்துகொண்டார். ஊர் முன்னால், விருந்தாளி முன்னால், சந்தை முன்னால். சொல்லாவிட்டால் பாட்டு இல்லை. பாட்டு இல்லாவிட்டால் இன்றைக்கு மட்டுமல்ல, வீட்டிலும் இனிமேல் பேச்சு இல்லை. இத்தனை பேசுகிற மனிதருக்கு அவளுடைய மௌனத்தை ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்க முடியவில்லை. பாவம், அவ்வளவுதான் அவர் பலம்.

அந்தச் சமயத்தில் பொரித்த ரொட்டிக் கடை ஹூரியா, கையெல்லாம் மாவோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து மெரெயானாவின் பக்கத்தில் நின்றாள். எருவேரா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"படகு ரெவி கொட்டாயில இல்ல" என்றார்.

ஹூரியா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆறும் ஒரு ஆளுதான்னு நம்ம நாட்டுச் சட்டமே சொல்லுது. அந்த ஆளுதான் எடுத்துட்டுப் போயிட்டாருன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாத்தேன்." சந்தையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "ஆனா படகக் கட்டி முடிச்சப் போட்டது நான். ரக்பி ஆட்டம் ஆரம்பிச்சிடும்னு அவசரத்துல ஒத்த முடிச்சு போட்டுட்டு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரியெல்லாம் மழை. விடியிறப்ப ஓடிப்போய்ப் பாத்தா, ஆறு ரோட்டு மேல நிக்குது."

அப்புறம் அவர் பேசியது எருவேராவின் பேச்சு மாதிரியே இல்லை. அலங்காரம் எல்லாம் உதிர்ந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பேசினார். அந்த விடியலில் முழு முழு மரங்கள் வேரோடு உருண்டு போனதையும், அத்தனை தண்ணீர் அத்தனை அமைதியாகப் போனதையும் சொன்னார். ரொட்டிக் கடையில் எண்ணெய் கொதிக்கும் ஓசை கேட்டது.

"மாமனாரு செஞ்ச படகு நடு ஆத்துல போகுது. கவுரல. சுத்தல. அந்தக் கலங்கல் தண்ணியில ஒரு ஆள் உக்காந்து துடுப்புப் போடுற மாதிரி நேரா, கடலப் பாத்துப் போகுது. அதுல ஏத்தித்தான் அவரு எனக்குப் பொண்ணக் கூட்டிட்டு வந்து கொடுத்தாரு. எனக்கு வாய்ல ஒரு வார்த்தை வரல. தொப்பியக் கழட்டிட்டு நின்னேன். அது வளைவு தாண்டுற வரைக்கும் நின்னேன். ஆத்தப் பாத்து நான் பயப்படல. இவ்வளவு பெருசு ஒண்ணு நம்ம வாசல்ல தினம் ஓடுது, நாம பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கமேன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும்தான் பயம் வந்துச்சு. மெரெகிட்ட என்ன சொல்றதுன்னு. அதான் பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டுக் கைத்தடியைப் பிடித்தபடி நின்றார். முடிவுரை சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பேச்சு தானாக நின்றது.

முகவாயில் பச்சை குத்திய சிற்பக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோர் பார்வையும் தாமாக ஆற்றின் மேல் போயிற்று. ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து பார்க்கும் ஆறுதான். அன்றைக்கு அதை இப்போதுதான் யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி பார்த்தார்கள்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. மெரெயானா எழுந்துவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள், அப்போதும் காற்றுதான். பக்கத்திலிருந்த ஹூரியா எழுந்து அந்தக் காற்றிலிருந்து பாட்டை எடுத்தாள். பெண்கள் சேர்ந்தார்கள். எதிர் வரிசையில் ஹோக்கியாங்காக்காரர்கள் எழுந்து கீழ்க்குரல் கொடுத்தார்கள். ஜாம்காரி பாடினாள், காபி வண்டிக்காரர் பாடினார், ரெவி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பாடினான். பாட்டு ஆற்றில் இறங்கி அக்கரை மேட்டில் போய் மோதித் திரும்பி வந்தது. அங்கிருந்தும் யாரோ பாடுகிறார்கள் போலிருந்தது. எருவேராவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் இங்கே நிற்கக் கொடுத்துவைத்தவன் என்று தோன்றியது. அழுதுகொண்டே நின்றார். அவர் பேசிய எந்தப் பேச்சுக்கும் இப்படி ஒரு பாட்டு கிடைத்ததில்லை.

விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து மூக்கோடு மூக்கு வைத்து மூச்சைப் பகிர்ந்துகொண்டார்கள். சிற்பங்களின் துணி விலகியது. சந்தை மெல்ல உயிர் பெற்றது. எருவேரா மெரெயானாவிடம் போனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி நல்ல இறுக்கம். அன்பு என்றே எடுத்துக்கொண்டார்.

"கோவம் போயிடுச்சா மெரெ?" என்று கேட்டார். "உனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும், நாந்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மெரெயானா ஹூரியாவின் பக்கம் திரும்பினாள். ஹூரியா கையிலிருந்த மாவை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"கோவமா? நேத்துப் போட்டியில கத்திக் கத்தித் தொண்டை போச்சுண்ணே அவளுக்கு. பாட்ட நான் வந்து எடுக்கிறதா இருந்தேன், கடையில கூட்டம், லேட்டாயிடுச்சு, அதுவரைக்கும் பேசிட்டே இருங்கன்னு கையக் காட்டியிருக்கா. ஓடி வந்து பாட வாயத் தொறந்தேன், நீங்க படகுன்னீங்க, என்னைப் புடிச்சு இழுத்து உக்கார வச்சுட்டா. அந்தக் கதைய அவளே இப்பத்தான் கேக்குறா."