கலிஸ்ரா வீட்டு முற்றத்தில் நடந்த கமராப் போர்

வாழ்க றிஸ்வான். தண்ணீரூற்றில் பிறந்தவனும், முல்லைத்தீவு நகரில் ஒன்றரைக் கதவு அகலக் கடையொன்றில் கலையகம் கண்டவனும், அடையாள அட்டைப் படத்துக்கு வந்து அமர்ந்தோர் எவரையும் நாடி உயர்த்தாமல் வீட்டுக்கு விடாதவனும், ஒரு தோளில் கமராவும் மறு தோளில் முக்காலியும் நெஞ்சில் தீராத ஐயமும் சுமந்து திரிந்தவனுமாகிய அந்த வீரனின் புகழைச் சொல்லப் புகுந்தோம். ஐயம் யாதெனில், தன் கமரா போதுமா என்பது.

ஒளியே, நீ சூரியனிலிருந்து எட்டு நிமிடத்துக்கு மேல் பயணம் செய்து வருவது ஏதோ நற்காரியத்துக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். இக்கதையில் நீ படப்போகும் பாட்டைப் பொறுத்தருள்க. கண்ணாடியே, பற்றறியே, மெமறிக் காட்டே, நீங்களும் துணை நில்லுங்கள்.

பகை பிறந்த வகை இது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் யூலிற்றா என்னும் பெண்மணியின் மகள் கலிஸ்ராவுக்குச் செப்டெம்பரில் கலியாணம் என்று பாதர் கோவிலில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாயிற்று. கலிஸ்ராவின் தந்தை லோறன்ஸ் பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். போய்ப் பதினொரு வருடம். அவருடைய விசா வழக்கு இன்னும் முடியவில்லை. முடியுமுன் அந்த நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே போக முடியாது. ஆகவே அவர் கலியாணத்துக்கு வரமாட்டார். கலியாணம்தான் அவரிடம் போக வேண்டும். அது வீடியோவாகப் போகும். மகளின் கலியாணத்தில் அவருக்குக் கிடைக்கப்போவது அது ஒன்றுதான்.

இச்செய்தியை றிஸ்வான் மிகுந்த பரிவோடு கேட்டான். கேட்டுவிட்டு, "அங்கிள் போனிலயோ பாப்பார், பெரிய ரீவியிலயோ?" என்று வினவினான்.

அவனுக்கு எதிரி ஒருவன் இருந்தான். கிளிநொச்சியை ஆண்டவன், மூன்று பைகளும் ஒரு பறக்கும் கருவியும் உடையவன், கண்ணாடி துடைக்கும் துணியைக்கூடத் தனி உறையில் வைத்திருப்பவன், கிருசாந்தன் என்னும் பெயரினன். அவனுடைய டிஜிட்டல் கமராவின் சென்சர், அதாவது ஒளி வந்து விழும் தகடு, ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய வகை, தீப்பெட்டியிலும் சற்றுச் சிறியது. றிஸ்வானுடையது பரப்பளவில் அதில் பாதியும் இல்லை. மலைகளையும் கடல்களையும் பிரித்து நாடு கண்ட மனித இனம் இந்தச் சில சதுர மில்லிமீற்றர்களுக்காகவும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

இருவரும் கலியாண வேலை கேட்டு ஒரே நாளில் வந்ததால், மணமகள் விறாந்தைப் படியில் நின்று ஒரு பிரகடனம் செய்தாள்.

"எனக்கு வீடியோ சினிமா மாதிரி இருக்கோணும். ரெண்டு பேரும் ஒரு நிமிசம் எடுத்துக் காட்டுங்கோ. அப்பா பாத்து ஆரைச் சொல்லுறாரோ, அவருக்குத்தான் கலியாணம்."

"வடிவாச் சொல்லு பிள்ளை," என்றாள் யூலிற்றா. "கலியாண வீடியோ எண்டு."

அன்று தொடங்கி றிஸ்வான் தவத்தில் அமர்ந்தான். யூரியூப்பில் கமரா ஒப்பீட்டு வீடியோக்கள் நாற்பத்தொன்றைக் கண் இமைக்காமல் கண்டான். அவற்றில் தாடி வளர்த்த அயல்நாட்டு முனிவர்கள் தோன்றி, ஒரே கோப்பிக் கோப்பையை இரண்டு கமராக்களாலும் மாறி மாறிப் படம் பிடித்தனர். இரண்டிலும் அது கோப்பையாகவே இருந்தது. ஆயினும் முனிவர்கள் கண் கலங்கி, இடப்பக்கத்துக் கோப்பையில் ஆன்மா உண்டு என்றும் வலப்பக்கத்துக் கோப்பையில் அது இல்லை என்றும் அருளினர். ஆன்மா எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த றிஸ்வான், அது பின்னணி மங்குவதிலிருந்து வருகிறது எனக் கண்டு தெளிந்தான். முன்னால் நிற்பவர் கூர்மையாகவும், பின்னால் உள்ள உலகம் முழுவதும் பால் சிந்தியது போலவும் இருந்தால் அதுவே சினிமா.

தெளிந்தவுடன் மோட்டார் சைக்கிளை முடுக்கி, நெடுங்கேணி வழியே புழுதி கிளப்பி, வவுனியாவில் மச்சான் அஸ்வரிடம் சென்று, ஒன்று புள்ளி நான்கு எனப்படும் பெருந்துளை லென்ஸை இரவல் பெற்றுத் துவாயில் சுற்றி மடியில் வைத்து மீண்டான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தோர் அறிவர், லென்ஸின் எண் சிறுக்கத் துளை பெருகும், துளை பெருக்கத் தெளிவின் ஆழம் சுருங்கும். இந்த லென்ஸில் அது எவ்வளவு சுருங்குமென்றால், அருகில் நிற்பவரின் இமை தெளிந்தால் மூக்கு மங்கும். மூக்கைத் தெளிவாக்கினால் ஆள் கண் மங்கிப் போவார். இதைத்தான் அஸ்வர் "சாமான் பயங்கரம் மச்சான்" என்று இரண்டு சொல்லிலும் ஓர் உறவிலும் அடக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்குப் போர். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து பார்வையாளராய் நின்றது. அதற்கு முன்பே ஊர் வந்துவிட்டது. எடுக்கும் படம் பிரான்ஸுக்குப் போகிறது என்ற செய்தி கோவில் வாசலிலேயே பரவியிருந்ததால், பூசைக்கு உடுத்ததைக் களையாமல், சிலர் வீட்டுக்குப் போய் அதைவிட நல்லதை உடுத்துக்கொண்டு, முற்றத்தில் வந்து அணிவகுத்தனர். அயல்வீட்டுக் கமலாசனி தலைக்குப் பூ வைத்திருந்தாள். லோறன்சின் தமையன் சவிரிமுத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு வந்து, தலையைச் சீவிக்கொண்டு நின்றார். இங்கே வீடியோ எடுத்தால் அயலார் பின்னால் வந்து நிற்பது வழக்கம். அங்கே இருப்பவர்கள் அவர்களைத் தேடிப் பார்ப்பதும் வழக்கம்.

வீரர்கள் முதலில் வாய்ப்போர் தொடங்கினர்.

"உங்கட சென்சர் சின்னன் அண்ணை," என்றான் கிருசாந்தன். "சினிமா எண்டா ஃபுல் ஃபிரேம்தான்."

"சினிமா சென்சரில இல்லைத் தம்பி, லென்ஸில இருக்கு. உங்கட லென்ஸ் எத்தினை?"

"ரெண்டு புள்ளி எட்டு."

"அதில பின்னுக்கு ஒண்டும் மங்காது, அயல்வீட்டுக் கதவெல்லாம் எண்ணலாம்."

"தேத்தண்ணி ஆறுது," என்றாள் யூலிற்றா. ஒருவரும் குடிக்கவில்லை.

பின்னர் றிஸ்வான் தன் படைக்கலத்தை உயர்த்தி முற்றத்தை நோக்கினான். பின்னணியில் நின்ற மக்கள் போதிய அளவு மங்கவில்லை. பின்னணி எவ்வளவு தொலைவோ, மங்கலும் அவ்வளவு. எனவே அவன் கை அசைத்துப் படையைப் பின்வாங்கச் செய்தான்.

"தம்பி, நான் தெரியிறனோ?" என்று கமலாசனி கேட்டாள்.

"தெரியிறீங்கள் அன்ரி. கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ."

"பின்னுக்குப் போனாத் தெரியுமோ?"

"அப்பதான் வடிவா வரும்."

அவர்கள் போனார்கள். மேலும் போகச் சொன்னான், மேலும் போனார்கள். முதுகு வேலியில் முட்டியபோது கமலாசனி சொன்னாள், "இனிக் கடலுக்கைதான் இறங்கோணும்."

கலிஸ்ரா படலையிலிருந்து விறாந்தை வரை நடந்தாள். இயல்பாக நடக்கச் சொன்னார்கள். சொன்ன கணமே இயல்பாக நடப்பது எப்படி என்பதை அவள் மறந்துபோனாள். அவளுக்கு முன்னால், கமராவை ஆட்டாமல் தாங்கும் கைப்பிடியை இரு கையாலும் ஏந்தி, முழங்கால் மடித்து, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்து, குழந்தையைப் பறிக்க வந்த கள்வனைப் போலவும் குழந்தையைக் காக்கும் தாயைப் போலவும் ஒரே வேளையில் தோன்றியவனாய்க் கிருசாந்தன் பின்னோக்கி நடந்தான்.

"நண்டும் இப்பிடித்தான் போகும்," என்றார் வேலியோரத்தில் ஒருவர். "ஆனா அதுக்கு இவ்வளவு சாமான் தேவையில்லை."

அடுத்து றிஸ்வான் இறங்கினான். உச்சியை நோக்கி ஏறிய வெயில் பெருந்துளை லென்ஸினுள் வெள்ளமெனப் பாய, அதைத் தடுக்கக் கறுப்புக் கண்ணாடியை அவன் திருகிப் பூட்ட, பூட்டிய இடைவெளியில் சோளகம் ஒரு மணலை வீச, அதை அவன் ஊத, ஊதிய எச்சில் கண்ணாடியில் படிய, அதைச் சேட்டு நுனியால் அவன் துடைக்க, துடைத்ததைக் கண்ட கிருசாந்தன் தன் தனி உறைத் துணியை நினைந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள, இவ்வளவுக்கும் நடுவில் கலிஸ்ரா நான்காம் முறையாக நடந்து முடித்தாள். அவள் பின்னே, வேலியோரத்தில், சவிரிமுத்து கமராவை நேராகப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

மூன்று நாள் இருவரும் கணினிக்குள் மறைந்தனர். றிஸ்வான் நிழல்களுக்கு நீலப்பச்சையும் மனிதருக்குச் செம்மஞ்சளும் ஊட்டினான். மணமகள் சற்று வெந்தவள் போலானாள். கிருசாந்தன் படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டி இட்டு, லோறன்ஸ் காசு அனுப்பிப் போட்ட ஓட்டுக் கூரையை ஒரே வெட்டில் வீழ்த்தினான். ஒரு நிமிட நடையை இருவரும் மெதுவாக்கினர். முற்றத்தின் பேச்சும் சிரிப்பும் நீக்கப்பட்டு, எங்கோ மலையடிவாரத்தில் யாரோ பியானோ வாசித்தனர்.

புதன்கிழமை பின்னேரம், பாரிசில் மதிய வேலை முடிந்த இடைவெளியில், லோறன்ஸ் வட்ஸ்அப்பில் வந்தார். யூலிற்றா போனைச் சீனி ரின்னில் சாய்த்து வைத்தாள். அதன் முன் இரு பெரும் வீரர்களும், தீர்ப்புக்குத் தலை சாய்த்த மன்னர்களைப் போல, பிளாஸ்ரிக் கதிரைகளில் அமர்ந்தனர்.

"ரெண்டும் பாத்தன்," என்றார் லோறன்ஸ். "பிள்ளை நல்ல வடிவு."

"எது அங்கிள் சினிமா மாதிரி?" என்றான் கிருசாந்தன்.

"ரெண்டும் சினிமாதான் தம்பி. எனக்கு ஒருத்தரையும் தெரியாத சினிமா."

லோறன்ஸ் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"பின்னுக்கு வெள்ளையா ஒண்டு தெரியுது. என்ன, சேலை காயப்போட்டதோ?"

"அது பெரியப்பா, அப்பா," என்றாள் கலிஸ்ரா.

போனில் லோறன்சுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அண்ணரோ."

"உங்களுக்குக் கை காட்டினவர்," என்றாள் யூலிற்றா.

"ஆள் மெலிஞ்சிட்டார் எண்டு சொன்னவை. உதில ஆளையே தெரியேல்ல."

றிஸ்வான் தொண்டையைச் செருமினான். "அது புளர் அங்கிள், பின்னணியை மங்க விடுறது. அப்பதான் பிள்ளை எடுப்பாத் தெரிவா."

"பிள்ளையை நான் ஒவ்வொரு நாளும் போனில பாக்கிறன் தம்பி. மற்றாக்களைத்தான் பாக்கேலாமக் கிடக்கு."

தோல்வி இவ்விடத்தில் கண்ணுள்ளோர்க்குத் தெரிந்திருக்கும். வீரர்க்குத் தெரியவில்லை. கணப்பொழுதில் அவர்கள் கொடிகளை மாற்றிப் பிடித்தனர்.

"என்ர சென்சர் சின்னன் அங்கிள்," என்று நெஞ்சு நிமிர்த்தினான் றிஸ்வான். "சின்னனில பின்னுக்கும் எல்லாம் தெளிவா விழும்."

"என்ரயில துளையைச் சுருக்கிவிட்டா வேலிக் கம்பியும் எண்ணலாம் அங்கிள். ஃபுல் ஃபிரேம் எல்லே."

"சுருக்கினா கோவிலுக்குள்ள இருட்டாப் போகும், தம்பிக்கு விளங்கேல்ல."

"இருட்டில எங்கட கமராதான் அண்ணை பாக்கும், உங்கட அடையாள அட்டைக் கமரா பாக்காது."

நான்கு நாள் மங்கலுக்காகப் போரிட்டவர்கள் இப்போது தெளிவுக்காக அதே வீரத்தோடும், அதே முனிவர்களை மேற்கோள் காட்டியும் மோதினர். அந்த ஆரவாரத்தைக் கிழித்துக்கொண்டு சீனி ரின்னிலிருந்து குரல் எழுந்தது.

"யூலி, போன வருசம் அம்மான்ர செத்தவீட்டை எடுத்து அனுப்பினவர் ஆர்?"

"அது வீரகத்தி அண்ணை. புதுக்குடியிருப்பு. அவர் செத்தவீடு மட்டும்தான் எடுக்கிறவர்."

"அதை நான் இன்னும் வைச்சிருக்கிறன். வந்த எல்லாற்ற முகமும் தெரியுது. ஒவ்வொருத்தரிலயும் நிண்டு நிண்டு போறார். ஆக்கள் கதைக்கிறதும் கேக்குது. ஆர் ஆரோட கோவம் எண்டுகூட விளங்குது."

"அவரிட்டைப் பழைய சின்னக் கமரா ஒண்டுதானே," என்றாள் யூலிற்றா.

"அப்பா," என்றாள் கலிஸ்ரா. "செத்தவீடு எடுக்கிறவரோ?"

"கேட்டுப் பாருங்கோ அவரை," என்றார் லோறன்ஸ். "அண்ணரைக் கோவில்ல முன் வாங்கில இருத்தச் சொல்லுங்கோ."

இவ்வாறாக, ஒன்று புள்ளி நான்கின் பெருந்துளையும், தீப்பெட்டிக்கு நிகரான தகடும், பறக்கும் கருவியும், நண்டு நடையும், நாற்பத்தொரு முனிவர்களின் கண்ணீரும், நீலப்பச்சையும் செம்மஞ்சளும், கூரையை வீழ்த்திய கறுப்புப் பட்டியும் ஒருசேரக் களத்தில் சரிய, கிளிநொச்சி வேந்தன் தன் மூன்று பைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்ட, தண்ணீரூற்றுத் தலைவன் இரவல் லென்ஸை மீண்டும் துவாயில் சுற்றிக்கொண்டு வவுனியாத் திசையை நோக்க, வானவர் பூமாரி பொழிவதா விடுவதா என்று தமக்குள் ஆலோசித்து ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்து செல்ல, சோளகம் முற்றத்து மணலைச் சமன் செய்து எல்லாத் தடங்களையும் மூடியது.

கலியாணத்தை வீரகத்தி அண்ணை எடுத்தார்.