தயாராகிக்கொண்டே இருப்பவர்

புறாவுக்கு அடுத்தபடியாக எல்லா ஊர்களிலும் காணப்படும் உயிரினம் ஒன்று உண்டு: இன்டர்ன்ஷிப்புக்குத் தயாராகும் கணினி அறிவியல் மாணவர். நான் போன இடங்களிலெல்லாம் பார்த்துவிட்டேன். நூலக மூலையில், ரயில் ஜன்னலோரத்தில், விடுதிச் சமையலறையில். வீடு திரும்பினால், சித்தி வீட்டு மாடியறையிலும் ஒன்று. சித்தியின் மகனேதான்.

அடையாளம் காண்பது எளிது. "அப்ளை பண்ணியாச்சா?" என்று கேளுங்கள். "இன்னும் ரெடியாகல" என்பார். எப்போது ஆவார்? முதலில் நேர்முகத்துக்கான நூறு கணக்குகளைப் போட வேண்டும். அதற்குமுன் எந்த நூறு என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கு நாலு மணி நேர வீடியோ ஒன்றைப் பார்க்க வேண்டும். வீடியோக்காரர் போகிறபோக்கில் வேறொரு கணினி மொழியைப் புகழ்ந்துவிட்டால் அதையும் அடியிலிருந்து கற்க வேண்டும். இடையில் ரெஸ்யூமேயின் ஓரம் அரை விரல் குறையும், மறுநாள் கூடும். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, 'குழுவாகப் பணியாற்றுவதில் பேரார்வம்' என்று எழுதுவார்.

இந்த விடுமுறைக்குள் எங்காவது இன்டர்ன்ஷிப் முடிக்காவிட்டால் நம்மவருக்குப் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். மற்ற நிறுவனங்களெல்லாம் ஆள் எடுத்து முடித்துவிட்டன. மிச்சம் ஒன்றுதான், வரைபடங்கள் தயாரிக்கும் நிறுவனம். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து. மறந்துவிடக் கூடாதே! காலண்டரில் வட்டம் போட்டாரா? சேச்சே. நினைவூட்டுவதற்கென்று தானே ஒரு மென்பொருள் எழுதினார். பன்னிரண்டு நாள்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு அது கணீரென்று அடித்தது. திரையில் படிவம் முழுதாக நிரப்பப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

"அனுப்புடா" என்றேன்.

"ஒரு நிமிஷம்க்கா. ரெண்டு செகண்ட் லேட்டா அடிச்சுது. ஏன்னு பாத்துடறேன்."

"அதை நாளைக்குப் பாரேண்டா!"

"அனுப்பிட்டா திரும்ப எடுக்க முடியாதேக்கா." குரல் இறங்கியது. "அவங்க வேணாம்னு சொல்லிட்டா?"

அதுதான் சங்கதி. அனுப்பாதவரை யாராலும் அவரை வேண்டாமென்று சொல்ல முடியாது. நானே அழுத்தியிருக்கலாமே என்கிறீர்களா? மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தேகாலுக்கு மாடியே அதிர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டேன்!"

சித்தி ஈரக்கையோடு ஓடிவந்தார். "வேலையாடா கண்ணு?"

"இல்லம்மா. தப்பை."

படிவம் மூடிக் கால்மணி நேரமாகியிருந்தது. அவர் வகுப்புப் பெண் ஒருத்தி அன்று மதியம் பேருந்தில் நின்றுகொண்டே அதே நிறுவனத்துக்கு அரைப் பக்கம் தட்டி அனுப்பியிருந்தாள். அவசரத்தில் தன் போன் நம்பரைக்கூடப் போடவில்லை. மின்னஞ்சலில் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

நம்மவர் இரண்டு நாள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மலர்ந்த முகத்தோடு இறங்கி வந்தார். "அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டேன்க்கா. இந்தத் தடவை நிறைய டைம் இருக்கு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்து முடித்ததும், 'நல்ல விஷயம், பிறகு நிதானமாக யோசிக்கலாம்' என்று இதை எங்கோ பத்திரப்படுத்தி வைக்கப் போகிறீர்களே, எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று முடிவு செய்துவிட்டீர்களா?