நடுக்காலும் ஒரு ‘ஏங்க’வும்

என் மனைவியை எப்படியாவது ஒருமுறை கத்த வைத்துவிடுவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் செய்தேன்.

தப்பாக நினைக்காதீர்கள். மனைவி கத்தாமல் இருக்க வேண்டிக்கொள்ளும் கணவர்களை எனக்கும் தெரியும். அவர்களுக்கு அருமை தெரியவில்லை. வீட்டில் ஒரு குரல் நின்றுபோனால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். குழாயில் சொட்டும் தண்ணீர் இடி மாதிரி விழும். சுவர்க் கடிகாரம் நம்மைப் பார்த்து ‘உச்’சுக் கொட்டுவதுபோல் இருக்கும்.

நான் தொழிற்பயிற்சிக் கூடத்தில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவன். அவள் நூலகத்தில் வேலை பார்ப்பவள். பேச்சு என் தொழில். அமைதி அவள் தொழில். ஆனால் அவள் தன் தொழிலை வீட்டுக்குக் கொண்டுவந்தது என்னால்தான்.

அவளுடைய அக்கா வந்திருந்த அன்று நடந்தது அது. மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

“ஏங்க, ரேடியோ லேசா இரையுதே,” என்றாள் என் மனைவி. அவ்வளவுதான் அவள் சொன்னது.

நான் ரேடியோவைக் கழற்றிவிட்டேன். உள்ளிருந்த டிரான்சிஸ்டரை அக்காவுக்குக் காட்டினேன்.

“பாருங்கக்கா, மிளகு சைஸ்தான் இருக்கும். ஆனா மூணு கால். கலெக்டர், பேஸ், எமிட்டர். பேட்டரியிலேர்ந்து பெரிய மின்னோட்டம் கலெக்டர் வழியா வந்து எமிட்டர் வழியாப் போகக் காத்திட்டு இருக்கு. ஆனா தானாப் போகாது. நடுவுல இருக்கிற பேஸுக்குக் கொஞ்சூண்டு மின்னோட்டம் குடுத்தாத்தான் வழி கிடைக்கும். பேஸ்ல ஒரு பங்கு போனா, கலெக்டர்ல நூறு பங்கு ஓடும்!”

“கலெக்டர்னா பெரிய பதவிதான் போல,” என்றார் அக்கா, மரியாதைக்கு.

“பேருதான் பெரிசு. பேஸ் அசைஞ்சாத்தான் அவர் அசைவார்.”

“அப்படியே எங்க வீட்டுக்காரர்.”

இந்த ஒரு பதில் போதாதா? சிலிக்கானுக்குப் போனேன். அதில் கலக்கும் கலப்படத்துக்குப் போனேன். மூன்று அடுக்கில் நடு அடுக்கு மட்டும் ஏன் அத்தனை மெல்லிசு என்று விளக்கினேன். அக்கா போகவேண்டிய பேருந்து போனது. அதற்கடுத்ததும் போனது. அக்கா என்னை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் தலையாட்ட ஆரம்பித்திருந்தார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து மனைவி கதவைச் சாத்தினாள்.

“நான் ஒண்ணு சொன்னா நீங்க நூறு சொல்றீங்க.”

“அதைத்தாம்மா பெருக்கம்னு…”

“தெரியும். பேஸுக்கு ஒண்ணுமே குடுக்கலைன்னா?”

“கலெக்டர்ல ஒண்ணுமே ஓடாது. அப்படியே நின்னுடும். எவ்வளவு சரியாக் கேட்ட பாரு!”

“அப்ப இனிமே நான் ஒண்ணும் சொல்லலை.”

பாடம் புரிந்துவிட்ட மாணவியைப் பார்த்த சந்தோஷத்தில் நான் கைகூடத் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

சொன்னபடி செய்தாள். “இன்னைக்கு ஒரே புழுக்கமா இருக்குல்ல?” என்றால் ஜன்னலைத் திறந்துவிடுவாள். “சாப்பிட்டியா?” என்றால் கழுவிவைத்த தட்டைக் காட்டுவாள். முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் சமாதானம் செய்யலாம். நிம்மதியாக இருப்பவளை என்ன செய்வது?

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் பேசப் போயிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. சுவரில் காதை வைத்தேன். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. தையல் மிஷின் ஓடும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். என் வீட்டுக்காரியின் சிரிப்பை நான் திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். காது சிவந்ததுதான் மிச்சம்.

எனக்குப் பெரிய பேச்செல்லாம் வேண்டாம். ஒரே ஒரு ‘ஏங்க’ போதும். அவள் அதைச் சமையலறையிலிருந்து கூப்பிடும் விதமே தனி. ‘ஏ’ நீளமாகக் கூடம் வரைக்கும் வரும். ‘ங்க’ பாதியில் பாத்திரச் சத்தத்தில் மாட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் அது தினமும் கிடைத்தது. மோட்டார் சுவிட்ச் வாசல் பக்கம், என் நாற்காலிக்கு மேலே. மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் தண்ணீர் விழுவது சமையலறை ஜன்னலில் தெரியும். “ஏங்க, தொட்டி வழியுது!” என்பாள். நான் நிறுத்துவேன்.

பாவம், தொண்டை வலிக்குமே என்று நான்தான் ஒரு பெட்டி செய்து சமையலறைச் சுவரில் மாட்டினேன். அதிலிருந்து இரண்டு கம்பிகள் தொட்டிக்குப் போகும். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால், தண்ணீர் வழியாகத் துளி மின்னோட்டம் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வரும். உடனே கலெக்டரில் ஓட ஆரம்பித்து, அங்கே மாட்டியிருக்கும் பஸ்ஸர் ‘பீ’ என்று வீடே அதிரக் கத்தும். ஊரெல்லாம் மெச்சியது. அன்றோடு அந்தச் சமையலறை ‘ஏங்க’ போயிற்று; அக்கா வந்த அன்றோடு மிச்சமிருந்ததும் போயிற்று.

இப்போது புரிகிறதா என் திட்டம்? அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். டிரான்சிஸ்டரின் நடுக்காலை, அதாவது பேஸை, ஈய ஒட்டை உருக்கிக் கழற்றினேன். மூடினேன். அவள் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, செய்தித்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் வீணாவதை அவளால் தாங்கவே முடியாது. கத்தித்தானே ஆகவேண்டும்?

தொட்டி நிரம்பியது. பஸ்ஸர் கப்சிப். தண்ணீர் விழும் ஓசை கேட்டது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஏங்க!”

வந்தேவிட்டது! ஆனால் குரல் கொஞ்சம் கட்டையாக இருந்தது. திசையும் சரியில்லை.

“ஏங்க சார்! உங்க வீட்ல யாரும் உயிரோட இல்லையா? மோட்டாரை நிறுத்துங்க!”

தையல்காரம்மா. வாசலில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஈரமாக ஒரு துணி.

“இது என்னன்னு தெரியுதா தம்பி?”

“துணிங்க.”

“மாப்பிள்ளை சட்டை! சாயங்காலம் குடுக்கணும். காயப்போட்டது நனைஞ்சாப் பரவாயில்லை, இதைத் தேய்ச்சு மடிச்சு ஜன்னலோரமா வச்சிருந்தேன். உங்க பெட்டிக்கு என்ன கேடு?”

“தெரியலைங்க. திடீர்னு…”

“உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கே! இப்பதான் ஜன்னல் வழியாச் சொன்னாங்க. நடுக்கால் கழண்டிருக்காம். தானாக் கழலாதாம்.”

“என்கிட்ட அவ சொல்லவே இல்லையே.”

“உங்ககிட்ட சொன்னா நீங்க அதுக்கு நூறு சொல்லுவீங்களாம்.” சட்டையை என் கையில் திணித்தார். “பிடிங்க. தேய்ச்சுக் குடுங்க. காலர் முக்கியம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்காகக் காலர் தேய்த்தேன். அவனுக்காவது பேசுகிற மனைவி அமையட்டும் என்று மனசார நினைத்துக்கொண்டேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து புத்தகம் படித்தாள். பக்கத்தைப் புரட்டும்போது மட்டும் உதடு லேசாகக் கோணியது.

சில நாள் கழித்து ஒரு மாலை. வகுப்பு முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ‘பீ’ என்றது பஸ்ஸர்.

துள்ளி எழுந்து சுவிட்சைத் தட்டப் போனேன். மோட்டார் ஓடவே இல்லை. உட்கார்ந்தேன். மறுபடியும் ‘பீ’. நான் இன்னும் நடுக்காலை ஒட்டவில்லையே! சமையலறைக்கு ஓடினேன்.

அவள் பெட்டியருகே நின்றிருந்தாள். தொட்டிக்குப் போகும் கம்பிகளைக் கழற்றிவிட்டு இரண்டு துண்டுக் கம்பிகளை மாட்டியிருந்தாள். அவற்றின் நுனிகளை ஒன்றோடொன்று படாமல் ஈர விரல்களால் பிடித்திருந்தாள். சின்ன பேட்டரிதான், ஒன்றும் செய்யாது. மேஜையில் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தது. அதற்குத்தான் அழைப்பு. அவள் விரல் வழியாகத் துளி மின்னோட்டம் போகிறது. உடனே அந்த மிளகு சைஸ் ஜடம் என்னமாய்க் குரல் கொடுக்கிறது! ஒரு டிரான்சிஸ்டர்மேல் பொறாமைப்பட்ட முதல் கணவன் நானாகத்தான் இருப்பேன்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நடுக்கால் பளபளவென்று ஒட்டியிருந்தது. என் மாணவர்களில் ஒருவன்கூட அப்படி ஒட்டமாட்டான்.

“நீயா ஒட்டின?”

தலையாட்டினாள்.

“யாரு சொல்லிக்குடுத்தா?”

கம்பிகளை விட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு சொல்லிக்குடுப்பா? கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்கதானே சொல்லிட்டிருக்கீங்க. நான் எதையும் காதுல வாங்கலைன்னு நினைச்சீங்களா?”

பேசிவிட்டாள்! அதுவும் மூன்று வாக்கியம்! இத்தனை வருஷமாக நான் சுவரிடம் பேசவில்லை. ஒருத்தி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இப்படிப்பட்ட நேரத்தில் புத்தியுள்ளவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வான். நானும் பிடித்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“ஆனா ஒண்ணு. பேஸுக்கு முன்னாடி ஒரு ரெசிஸ்டர் இருக்கே, அது எதுக்குன்னு யோசிச்சியா? அது மட்டும் இல்லைன்னா…”

‘பீ’ என்றது. அவளுடைய இன்னொரு கை கம்பிகளில் இருந்தது.

“நிரம்பி வழியும்போது கத்தறதுக்குத்தானே இதைச் செஞ்சீங்க?”

“ஆமா. தொட்டி…”

“தொட்டி ஜன்னல்லயே தெரியுது. அதை நான் கூப்பிட்டுச் சொல்லிக்கிறேன். பெட்டி இனிமே உங்களுக்கு.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சுவர் குறுக்கே இல்லாமல் கேட்க அது இன்னும் நன்றாக இருந்தது.

“ஏங்க, ஆறிடப் போகுது. வாங்க சாப்பிட.”

கிடைத்துவிட்டது. அந்த ஒரு ‘ஏங்க’வுக்காக நான் பட்ட பாட்டையெல்லாம் அவளிடம் நாலே நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவள் விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள்.